ஒளி அச்சு யந்திரமும் ராகு காலமும்

நமது வீட்டுப் பின்கட்டு அறையில் கடந்த இரண்டு மாத காலமாக ஒரு யந்திரம் இருந்து வருகின்றது என்கின்ற சங்கதி ஊரில் பலருக்கும் தெரிந்துபோய் விட்டது. சிலர் அதை நோட்டு அடிக்கின்ற யந்திரம் என்றும், சிலர் எக்ஸ்ரே பெட்டி என்றும் பேசிக் கொள்வதாகக் கேள்விப்படுகின்றோம். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் சொல்லி நமக்கு வாய் வலி எடுத்து விட்டபடியால், உள்ளதை உள்ளபடி இங்கே எழுதி விடுவதென்று முடிவு செய்தோம். இதில் நமது மதியீனமும் கொஞ்சம் வெளியாகும். ஆனாலும் அதையும் மறைக்கப் போவதில்லை.

அந்த யந்திரம் லேசர் ஒளியைக் கொண்டு ரெசின் என்கின்ற திரவப் பிசினைக் கெட்டிப்படுத்தி, நாம் கேட்கின்ற உருவத்தில் ஒரு பொருளைச் செய்து கொடுப்பதாகும். அது முழு யந்திரமாகக் கடையில் வாங்கப்பட்டதல்ல. சட்டங்கள், திருகுகள், மோட்டார்கள், இரண்டு சிறு கண்ணாடிகள், ஒரு லேசர் குழல், ஒரு மின்சாரப் பலகை, ஒரு தொட்டி என்று துண்டு துண்டாகப் பெட்டியில் வந்ததை, நமது படிப்பகத்துத் தோழர்கள் நால்வர் உதவியுடன் நாமே பூட்டிச் சேர்த்தோம். வாங்கிய கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. விளம்பரம் செய்வது நமது தொழிலல்ல. அன்றியும் பின்னால் சொல்லப் போகின்ற தவறுகள் எல்லாம் நம்முடையவையே தவிர, விற்றவனுடையவை அல்ல.

பணம் திரட்டும்போதே படிப்பகத்தில் பெரிய விவாதம் நடந்தது. "இதைவிடக் குறைந்த விலைக்கு, திரவப் படிகத் திரை வைத்த யந்திரம் முழுசாகவே கிடைக்கின்றதே, பெட்டியைத் திறந்து வைத்தால் அன்றைக்கே வேலை செய்யுமே, மெனக்கெட்டு இதை ஏன் பூட்ட வேண்டும்?" என்று ஒரு தோழர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இன்றைக்கு வீடுகளில் வைத்துக் கொள்ளும் ரெசின் யந்திரங்களில் பெரும்பாலானவை அந்தத் திரை ஜாதியைச் சேர்ந்தவையே. வெறும் பொருள் வேண்டுமானால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் நமக்குப் பொருளைவிட, அது எப்படி உண்டாகின்றது என்கின்ற சங்கதி வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பழைய புஸ்தகக் கடையிலும் படிப்பகத்துப் பெஞ்சியிலும் மீதியைக் கற்றுக் கொண்ட நமக்கு, மூடிய பெட்டி என்றாலே ஒரு சந்தேகம். மூடிய பெட்டிக்கும் மூடிய கர்ப்பக்கிரகத்துக்கும் நாம் அதிக வித்தியாசம் காண்பதில்லை. பூட்டினவனுக்குத்தான் கழற்றத் தெரியும். கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் பழுது பார்க்கத் தெரியும்.

அதன் வேலை இன்னபடி என்று சொல்லுகின்றோம். தொட்டியின் அடிப்பாகம் ஒளி புகும்படியானது. அதில் பிசின் ஊற்றப்பட்டிருக்கும். மேலிருந்து ஒரு தட்டு இறங்கி, தொட்டியின் அடிக்கும் தனக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதிலும் பாதி இடைவெளி விட்டு நிற்கும். கீழேயிருந்து லேசர் ஒளி இரண்டு சிறு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, தொட்டியின் அடியில் கோலம் போடுவதுபோல் முதலில் ஓரக் கோட்டையும் பிறகு உள் நிரப்பலையும் வரையும். ஒளி பட்ட இடத்துப் பிசின் கெட்டியாகித் தட்டில் ஒட்டிக் கொள்ளும். உடனே தொட்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கெட்டியான ஏட்டை உரித்து விடும். தட்டு ஒரு படி மேலேறி, அடுத்த கோலம் துவங்கும். 30 மில்லிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு, ஏடு ஒன்று 0.05 மில்லிமீட்டர் என்றால், 600 கோலம். சுண்டுவிரல் உயரத்துச் சாமான் ஒன்றுக்கு இரவில் பாதி போய்விடும்.

கண்ணாடியைத் திருப்புகின்ற கருவிக்குக் கால்வனாமீட்டர் என்று பெயர். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருளும், அதன் அச்சில் நகம்போல் ஒரு கண்ணாடியும். மின்சாரம் கூடினால் அதிகம் திரும்பும், குறைந்தால் கொஞ்சம் திரும்பும். 1858-ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி வழியாக வந்த மிகப் பலவீனமான செய்தியைப் படிப்பதற்கு வில்லியம் தாம்சன் என்பவர் கண்ணாடி கட்டிய இந்த மாதிரிக் கருவியைத்தான் உபயோகித்தார். அன்று கண்ணாடி திரும்பியதைப் பார்த்து மனிதன் எழுத்தைப் படித்தான். இன்று நாம் எழுத்தைக் கொடுத்துக் கண்ணாடியைத் திரும்பச் சொல்லுகின்றோம்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், அதில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. ஜப்பானில் நகோயா நகரத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹிடியோ கொடாமா என்பவர், ஒளியால் பிசினைக் கெட்டிப்படுத்தி ஏடு ஏடாக உருவம் செய்யும் முறைக்கு 1980-ல் உரிமை கோரி மனுப் போட்டார். 1981-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஆனால் மனுவை மேலே நடத்த வேண்டிய கெடு தவறிப் போயிற்று. பிரான்சு தேசத்தில் மூவர் 1984 ஜூலையில் மனுப் போட்டார்கள். இதில் வியாபாரம் நடக்காது என்று அவர்களுடைய எஜமானர்களே அதைக் கைவிட்டு விட்டார்கள். அமெரிக்காவில் சார்லஸ் ஹல் என்பவர் 1984 ஆகஸ்டில், அதாவது சில வாரம் கழித்து, மனுப் போட்டு 1986-ல் உரிமை பெற்றார். இவர் 1983 மார்ச்சிலேயே கண் கழுவுகின்ற ஒரு சிறு கிண்ணத்தை இம்முறையில் செய்து விட்டவர். கம்பெனி வைத்து, யந்திரத்தை உலகத்தில் நடமாட விட்டவரும் இவரே. ஆகையால் அவருடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவரையொருவர் பார்த்தறியாத மூன்று தேசத்தார் மூளையில் ஒரே யோசனை நாலு வருஷத்திற்குள் உதித்திருக்கும்போது, "இது எனக்கு மாத்திரம் சொந்தம், இருபது வருஷத்திற்கு யாரும் தொடாதே" என்று ஒருவர் கையில் சாவியைக் கொடுத்து விடுவது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கின்றோம்.

ஹல்லின் முதல் உரிமை 2004-ல் காலாவதியாகியும், சாவிக்கொத்தில் வேறு சாவிகள் மிச்சமிருந்தன. 2012-ல் ஃபார்ம்லேப்ஸ் என்கின்ற இளைஞர் கம்பெனி, பொதுஜனங்களிடம் முன்பணம் திரட்டி, மேஜைமேல் வைக்கக் கூடிய லேசர் ரெசின் யந்திரம் ஒன்றைக் கொண்டு வந்தவுடன், அதே வருஷம் நவம்பரில் ஹல்லின் கம்பெனி அவர்கள்மேல் வழக்குப் போட்டது. 2014-ல்தான் அது ராஜி ஆயிற்று. இன்னொரு பக்கத்தில், இங்கிலாந்தில் பாத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஏட்ரியன் போயர் என்பவர் 2005-ல் ரெப்ராப் என்கின்ற வேலையைத் துவக்கி, தன் பாகங்களில் பலவற்றைத் தானே செய்து கொள்ளும்படியான ஒரு யந்திரத்தின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம் என்று பகிரங்கமாக வைத்தார். அது பிளாஸ்டிக் கம்பியை உருக்கிப் பிழிகின்ற யந்திரம், வேறு ஜாதி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பூட்டிப் பார்க்கலாம் என்கின்ற தைரியம் ஜனங்களுக்கு வந்தது பெரும்பாலும் அதனால்தான்.

லேசர் குழலுக்கும் ஒரு கதை உண்டு. ஆதியில் ஹீலியம், காட்மியம் அடைத்த விலையுயர்ந்த நீளக் குழல் வேண்டியிருந்தது. இன்று நம்மிடம் வந்திருப்பது சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளி கொடுப்பது. சினிமாத் தட்டுகளைப் படிப்பதற்காகக் கோடிக்கணக்கில் செய்யப்பட்டபடியால் விலை மலிந்தது. இதற்கு அடிப்படையான காலியம் நைட்ரைடு வேலையில் முக்கியமானவர்களில் ஒருவர் ஷூஜி நாகமுரா. பெரிய தலைநகரத்துச் சர்வகலாசாலையில் அல்ல, ஷிகோகு தீவில் ஒரு சிறு கம்பெனியில், டாக்டர் பட்டம் வாங்குவதற்கு முன்பே, தாமே கருவியைத் திருத்தியமைத்து வேலை செய்தவர். 2014-ல் அகாசாகி, அமானோ என்ற இருவரோடு இவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பட்டம் பின்னால் வரும், வேலை முன்னால் நடக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இது நிற்க. இந்தத் துறையில் யோக்கியர்கள் மாத்திரமே இருக்கின்றார்கள் என்று யாரும் நினைத்து விடக் கூடாது. 2013-ல் கனடா தேசத்தில் ஒருவர், 100 டாலருக்கு லேசர் ரெசின் யந்திரம் தருவதாக அறிவித்தார். யோசனை மகா அழகானது. உப்புத் தண்ணீரின்மேல் பிசினை மிதக்க விட்டு, உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசின் மட்டத்தை உயர்த்துவது. விழுகின்ற சொட்டுகளை எண்ணிக் கணக்கு வைப்பது. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கின்ற துவாரத்தில் வருகின்ற மின்சாரத்தாலேயே கண்ணாடியைத் திருப்புவது. ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டினார்கள். 2016-ல், கூட்டாளி அந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தனக்கு வீடு கட்டச் செலவழித்து விட்டார் என்று துவக்கினவரே பகிரங்கமாகச் சொன்னார். கட்டினவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு யந்திரம் வரவில்லை. ஆகவே விஞ்ஞானத்தின் பேரால் சொல்லப்பட்டது என்பதற்காக மட்டும் ஒருவன் உண்டியலில் காசு போட வேண்டியதில்லை.

நாம் பூட்டிய கதைக்கு வருவோம். மூன்று மாலை வேலை. சட்டத்தை மூலைமட்டம் வைத்துச் சதுரம் பார்த்தோம். ஐ.டி.ஐ. படித்த இளந்தோழர் ஒருவர் மின்சார இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே பிளக்கை மாட்ட விட்டார். நாலு பக்கமும் ஆரஞ்சு நிற அக்ரிலிக் தகடு வைத்து மூடுவது கடைசி வேலை. அவசரத்தில் நாம் ஒரு திருகை அளவுக்கு மீறி முறுக்கி, கிழக்குப் பக்கத்துத் தகட்டை உடைத்துவிட்டோம். "பாதகமில்லை, மூடிதானே" என்று பெயர்ப்பலகை செய்கின்ற கடையில் அதே அளவில் ஒரு வெள்ளைத் தகடு, அதாவது நிறமில்லாத தகடு, வெட்டி வாங்கி வந்து மாட்டினோம். வாசகர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவும். நாம் மறந்து விட்டோம்.

முதலில் தொட்டியில்லாமல், வெள்ளைக் காகிதத்தை வைத்து லேசரைச் சோதித்தோம். 405 நானோமீட்டர் ஒளி நமது கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரியும். வெள்ளைக் காகிதத்தில் சேர்த்திருக்கின்ற வெளுப்பு மருந்து அதை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுப்பதால் காகிதத்தில் மட்டும் பளிச்சென்று இருக்கும். மங்கலாகத் தெரிவதால் பலமில்லை என்று நினைக்கிறவன் கண்ணை இழப்பான். 150 மில்லிவாட் என்பது கேட்பதற்குச் சொற்பம். ஆனால் ஐந்து மில்லிவாட்டுக்கு மேற்பட்ட லேசர் நேராகவோ, கண்ணாடியில் பட்டுத் திரும்பியோ கண்ணில் விழுந்தால், இமை மூடுவதற்குள் காரியம் முடிந்துபோகும். ஆகையால் அந்த அலைநீளத்திற்கென்று குறிப்பிட்டுச் செய்த கண்ணாடியைப் போட்டுக் கொண்டவர் மாத்திரமே அறையில் நிற்கலாம் என்று விதி வைத்தோம். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை வெளியே அனுப்பினோம். வருத்தப்பட்டார்கள். வருத்தம் ஆறிவிடும்.

அடுத்த சோதனை அளவு. கண்ணாடியின் நடுவிலிருந்து நேராக விழும்போது சரியாயிருக்கின்ற கோடு, ஓரத்தில் சாய்ந்து விழும்போது நீண்டு போகும். சுவரில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் முட்டையாவது இதனால்தான். 100 மில்லிமீட்டர் சதுரம் கேட்டோம். வெர்னியர் வைத்து அளந்தால் ஒரு பக்கம் 98.6, இன்னொரு பக்கம் 99, மூலைக்கு மூலை இரண்டும் இரண்டு விதம். அளந்ததை யந்திரத்துக்குச் சொல்லி, மறுபடி வரைந்து, மறுபடி அளந்து, ஏழாவது தடவையில் திருப்தியான அளவுக்கு வந்தது. இந்த ஏழு தடவையில் நாம் கற்றுக் கொண்டது, முழு யந்திரம் வாங்கியிருந்தால் ஏழு வருஷத்திலும் கற்றிருக்க மாட்டோம்.

ஒளியின் அளவையும் சோதித்தோம். ஒரு மடங்கு ஒளி கொடுத்தால் ஏடு 0.11 மில்லிமீட்டர் கெட்டியாயிற்று. இரண்டு மடங்கு கொடுத்தால் 0.22 ஆகும் என்று நால்வரில் மூவர் பந்தயம் கட்டினோம். ஆனது 0.20. நாலு மடங்கு கொடுத்தபோது 0.29 தான். அதாவது ஒளியை இரட்டிக்க இரட்டிக்க, கனம் இரட்டிக்காமல் ஒரே அளவாக 0.09 மாத்திரம் கூடுகின்றது. பிசினுக்குள் போகப் போக ஒளி பங்கு பங்காகக் குறைந்து கொண்டே போவதால் இப்படி. லாகரிதம் என்று கணக்குப் புஸ்தகத்தில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்து போகின்ற சமாச்சாரம், பின்கட்டு அறையில் மைக்ரோமீட்டர் முனையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து அந்த ஐ.டி.ஐ. தோழர் அடைந்த சந்தோஷத்தை வர்ணிக்க நமக்குச் சக்தியில்லை. பந்தயத்தில் ஜெயித்த நாலாவது ஆசாமி அவர்தான்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் துவக்கின முதல் பொருள், ஒரு சதுரங்கக் காய், அழகாக வந்தது. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு இரண்டாவதைத் துவக்கினோம். சிதறிப் போயிற்று. பிசின் மேல்மட்டத்தில் பாலாடைபோல் ஏடு மிதந்து, காயின்மேல் ஒட்டிக் கந்தலாக்கி விட்டது. செவ்வாய்க் காலையும் அப்படியே. புதனும் அப்படியே. பக்கத்து வீட்டு நண்பர், நமக்கு நெடுநாள் பழக்கமானவர், நல்லவர், எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலம். அப்போ ஆரம்பிச்சா எப்படி விளங்கும்?" என்றார். "செவ்வாய்க்கிழமை ராகு காலம் சாயந்திரம் மூன்று மணிக்கல்லவா? காலையில் ஏன் கெட்டது?" என்றோம். "ஆரம்பமே கெட்டுப்போச்சு இல்லே? அது தொடரும்" என்றார். இந்தப் பதிலுக்கு எந்த நாளிலும் எந்தச் சோதனையிலும் தோல்வி கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவரைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, நாம் மாத்திரம் என்ன செய்தோம்? கண்ணாடிதான் குற்றம் என்று முதல் நாளே மனதில் பட்டது. ஏன் பட்டது என்று கேட்டால் காரணம் கிடையாது. அது பெட்டியிலுள்ளவற்றில் நமக்கு மிகக் குறைவாகப் புரிந்த பாகம், அவ்வளவுதான். நாலு நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, கழற்றித் துடைத்து மாட்டி, ஏழு தடவை அளந்து செய்த திருத்தத்தையும் கெடுத்துக் கொண்டோம். அவருக்கு ராகு, நமக்குக் கண்ணாடி. புரியாததின் தலையில் பழியைப் போடுவதில் பகுத்தறிவுக்காரன் என்று மார்தட்டிக் கொள்ளுகின்றவனுக்கும் யாதொரு விதிவிலக்கும் கிடையாது என்பதை நமது செலவில் தெரிந்து கொண்டோம்.

பிறகு புத்தி வந்து, நண்பரையே கூட்டாளியாகச் சேர்த்து ஒரு சோதனை ஏற்பாடு செய்தோம். அடுத்த வியாழக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, சரியாக ராகு காலம் பிறக்கும்போது, அவர் கையாலேயே பொத்தானை அமுக்கச் சொன்னோம். தயங்கித் தயங்கித்தான் அமுக்கினார். காய் பழுதில்லாமல் வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, அவரே காலண்டர் தாளைப் பார்த்துக் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் துவக்கினோம். கந்தல்! நண்பர் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். நமக்கும் பேச ஒன்றுமில்லை. ஏனெனில் ராகு குற்றவாளியல்ல என்று தெரிந்ததே தவிர, குற்றவாளி யாரென்று தெரியவில்லை. காலையில் கெடுகின்றது, மற்ற வேளையில் கெடவில்லை என்று அந்த நண்பர் கவனித்தது மாத்திரம் முழு உண்மை. நாம் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்று காலை, நமது துணைவியார் துணி எடுக்க அந்த அறைக்கு வந்தவர், யந்திரத்தின் நிழல் விழுந்திருந்த தரையைப் பார்த்து, "மற்றப் பக்கமெல்லாம் மஞ்சளாய் விழுகிறது, ஜன்னல் பக்கம் மாத்திரம் ஏன் வெள்ளையாய்ப் பாய்கிறது? மஞ்சள் கண்ணாடி அழகுக்கா வைத்திருக்கிறான்?" என்று கேட்டார். நமக்குத் தலையில் அடித்தது போலிருந்தது. கிழக்கு ஜன்னல். காலை வெயில். பெயர்ப்பலகைக் கடைத் தகடு! வெயிலில் இருக்கின்ற ஊதா ஒளி ஜன்னல் கண்ணாடியிலும் புகுந்து, நிறமில்லாத தகட்டிலும் புகுந்து, லேசர் செய்கின்ற அதே வேலையைத் தொட்டியின் மேல்மட்டத்தில் கேட்பாரில்லாமல் செய்து கொண்டிருந்திருக்கின்றது. வெயில் உள்ளே போகுமானால் லேசரின் சிதறலும் அதே வழியாக வெளியே வரும் அல்லவா? மூடியிருக்கின்றதே என்கின்ற தைரியத்தில், இத்தனை நாள் கண்ணாடி போடாமல் அந்தப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் நாம்தான். தொட்டி கெட்டதைவிட இதை நினைத்துத்தான் அன்று முழுதும் சாப்பாடு இறங்கவில்லை.

ஆரஞ்சுத் தகடு வருகின்ற வரையில் கருப்பு அட்டை வைத்து மறைத்தோம். தொட்டிப் பிசினை வடிகட்டிவிட்டு, மறு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கே, அதாவது ராகு காலத்திலேயே துவக்கினோம். பழுதில்லாமல் வந்தது. நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கருப்பு அட்டை வெச்சீங்கள்ளே, அது திருஷ்டி கழிச்ச மாதிரி" என்றார். என்ன செய்வது? ஆனால் அவர் இப்போது தமது மகளை அந்த அறைக்கு அனுப்புகின்றார், வெர்னியர் பிடிக்கக் கற்றுக் கொள்ள. அது போதும்.

பிசினைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. "செடி எண்ணெயில் செய்தது, வாசனையில்லாதது, நிரபாயமானது" என்றெல்லாம் பாட்டிலின்மேல் அச்சடித்து விற்கின்றார்கள். கெட்டியாகாத பிசின் அக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. தோலில் பட்டுக்கொண்டேயிருந்தால் ஒருநாள் உடம்பு அதை ஒப்புக் கொள்ள மறுத்துவிடும். அரிப்பும் கொப்புளமும் வரும். ஒருமுறை வந்தால் அந்த ஒவ்வாமை ஆயுள் பரியந்தம் போகாது. நைட்ரைல் கையுறை வேண்டும், சாதாரண ரப்பர் உறை போதாது. நமது துணைவியார், சமையலறைப் பாத்திரம் ஒன்றுகூட அந்த அறைக்குள் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கின்றார். கழுவுகின்ற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சீக்கிரம் தீப்பிடிப்பது. கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றுகின்றவன் ஊருக்கு விஷம் வைக்கின்றவன். தட்டில் ஊற்றி, பிள்ளைகளுக்கும் நெருப்புக்கும் எட்டாத இடத்தில் வெயிலில் வைத்து, முழுதும் கெட்டியான பிறகே அப்புறப்படுத்த வேண்டும். நமது நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? பிசினும் குளிரில் வேலை செய்ய மறுப்பது. குளிர்தேசத்துக்காரர்கள் அதற்கு அடுப்பு வைத்துக் காய்ச்சுகின்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் நமக்குப் பிறவியிலேயே சலுகை. மின்சாரம் நிற்பதுதான் நமது தலைவலி. நானூறாவது ஏட்டில் விளக்கு அணைந்தால், அதுவரை வரைந்த கோலமெல்லாம் குப்பை.

இதனால் என்ன பிரயோஜனம் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பல் வைத்தியத்திலும், நகைத் தொழிலிலும் இவ்வித யந்திரம் புகுந்து வெகுநாளாயிற்று. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு அந்த இடத்தில் வெண்கலத்தை வார்க்கின்றார்களே, அதில் மெழுகுக்குப் பதில் எரிந்து போகின்ற பிசின். சாமி எப்படி உண்டாகின்றது என்பது வார்க்கின்றவனுக்கு எக்காலத்திலும் தெரியும். கும்பிடுகின்றவன்தான் கேட்பதில்லை. காது கேட்கும் கருவியின் கூடும் உலகத்தில் இன்று பெரும்பாலும் இந்த வழிகளில்தான் செய்யப்படுகின்றது.

அந்தக் கடைசி வாக்கியத்தை நாம் படிப்பகத்தில் சொன்னது வினையாய் முடிந்தது. எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர், நமது கூட்டங்களுக்கு முன்பெஞ்சியில் இடம் பிடித்து உட்காருகின்றவர், காது சரியாகக் கேளாதவர். அவருடைய கருவியின் காதுக்குள் வைக்கின்ற அச்சு பொருந்தாமல் கழன்று கழன்று விழுகின்றது. அதனால் பேச்சில் பாதி அவருக்குப் போகவில்லை. "ஏம்பா, உன் யந்திரத்துலே ஒண்ணு அடிச்சுக் குடேன்" என்றார். கூட இருந்த தோழர்கள் எல்லோரும் நம்மையே பார்த்தார்கள். செய்ய முடியாதா என்றால், உருவத்தைச் செய்து விடலாம், ஒரு இரவு வேலை. பேர் கிடைக்கும், ஊரெல்லாம் பேசும். ஆனால் நம்மிடமிருக்கின்ற பிசின் நாளெல்லாம் காதுக்குள் வைப்பதற்கென்று சோதிக்கப்பட்டதல்ல. கெட்டியானதுபோல் தெரிந்தாலும் உள்ளே கெட்டியாகாத மிச்சம் இருக்கக் கூடும். அது காதின் தோலைப் புண்ணாக்கினால் உள்ளதும் போய்விடும். உடம்புக்கென்று தனியாகச் சோதித்து விற்கின்ற பிசின் உண்டு. அதை இன்ன யந்திரத்தில், இவ்வளவு ஒளியில், இத்தனை நேரம் கழுவி, இத்தனை நேரம் ஒளியில் வைத்தால்தான் அந்தச் சோதனை செல்லும் என்று நிபந்தனையும் உண்டு. நாமே பூட்டிய யந்திரம் அந்த ஜாப்தாவில் இல்லை.

"செய்ய மாட்டோம் ஐயா" என்று அவர் காதருகே சத்தம் போட்டுச் சொன்னோம். மேடையேறி எத்தனையோ பேரைப் பகைத்துக் கொண்டு பேசியிருக்கின்றோம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு கஷ்டமாயிருந்ததில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்தச் சதுரங்கக் காயை விரலால் உருட்டிக் கொண்டிருந்து விட்டு, "சரி, அந்தப் பிசின் விக்கிறவனுக்கு எழுதிக் கேளு. முடியாதுன்னு அவன் சொல்லட்டும்" என்றார். எழுதியிருக்கின்றோம். யந்திரத்தின் அளவுகளையும், 0.11, 0.20, 0.29 என்கின்ற கணக்கையும் கூடவே அனுப்பினோம். பெரியவருக்கு ஜில்லா ஆஸ்பத்திரியில் அச்சு மாற்றிக் கேட்க ஐ.டி.ஐ. தோழரைத் துணைக்கு அனுப்புவதாகவும் ஏற்பாடு. பதில் இன்னும் வரவில்லை. ஆரஞ்சுத் தகடு நேற்று வந்து சேர்ந்தது. இந்தத் தடவை திருகை நாம் முறுக்கவில்லை, அந்தப் பெண்தான் முறுக்கினாள்.